கணவர் கரையில் இருந்ததால் கிடைத்த வேடம்

காசிமேட்டில் கட்டிப்போட்டிருந்த ஒரு விசைப்படகின் மேல் நாங்கள் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். நடுவில் வயர்லெஸ் பெட்டி. அதன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார் எங்கள் இயக்குநர். வெயில் ஏறிவிட்டது. டீசல் வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து, கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்தத் தம்பிக்கு மூச்சே முட்டியிருக்கும். ஆனாலும் மைக்கை விடவில்லை.

"ஆறுமுகம் அண்ணே, கேக்குதுங்களா? உங்க சம்சாரம் நடிக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம் வந்தது. அப்புறம் கடலிலிருந்து ஆறுமுகத்தின் குரல். "எதுக்கு மாட்டேன்றா?"

"தாலிய அறுக்கற சீன் ஒண்ணு இருக்குதுங்க. வெறும் நடிப்புதானுங்க."

ஆறுமுகம் சிரித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "அதுக்கா இம்மாம் பேஜாரு? தேசம்மா, நடி. எனுக்கு இன்னா ஆவப் போவுது? ஜோரா நடி."

நாங்கள் எல்லோரும் தேசம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். அதற்குள் பெட்டியிலிருந்து வேறு ஒரு குரல் வந்தது.

"இன்னாது, தாலி அறுக்கிறாங்களா? யாரு வூட்ல?"

இயக்குநருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வயர்லெஸ் என்பது டெலிபோன் இல்லை. நீங்கள் ஒருவரிடம் பேசினால், அந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருக்கும். புருஷனிடம் தனியாகச் சம்மதம் வாங்குவதாக நினைத்து, அவர் பாதிக் கடலைக் கூட்டிவிட்டார்.

யாருக்கோ தைத்த சட்டை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லாவிட்டால் தேசம்மா யார், நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது புரியாது.

என்னைத் தெருவில் பார்க்கிறவர்கள் யாரும் ஸ்டெல்லா என்று கூப்பிடுவதில்லை. "சம்பூர்ணம் அக்கா போறாங்க" என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் படத்தில் நான் ஏற்ற வேடத்தின் பெயர் அது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற பெண். கடலுக்குப் போன கணவன் திரும்பி வராமல், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறவள். அந்த வேடத்துக்கென்றே பிறந்தவள் நான் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அது வேறு இரண்டு பேரைத் தாண்டி என்னிடம் வந்த வேடம்.

முதலில் அதற்குப் பேசியது ஒரு பெரிய நடிகையை. பெயர் வேண்டாம். அவர் ஒருநாள் காலையில் காரில் வந்து இறங்கினார். ஏலக்கூடத் தரையில் மீன் கழுவிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மறுநாள் தேதி இல்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரில் நிற்கப் பழகாத காலுக்கு அது கலீஜ்தான்.

இரண்டாவது ஆள் தேசம்மா. இயக்குநர் ஏலக்கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது யாரோ கொட்டி வைத்திருந்த சங்கரா மீன் குவியலின் ஓரத்தை ஷூவால் மிதித்துவிட்டார். "ஏய் கண்ணாடி, காலை எட்றா. துன்ற பொருளு மேல செருப்பு வெக்கிற, உன் வூட்டு சோத்துல வெப்பியா?" என்று ஒரு குரல் வந்தது. கண்ணாடி போட்ட இயக்குநர் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு தேசம்மா நின்றாள். திட்டு வாங்கிய கையோடு, "நீங்க படத்துல நடிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

நான் அந்தப் படத்தில் இருந்தது சம்பூர்ணத்தின் பக்கத்து வீட்டுக்காரியாக. நாலு காட்சி, ஆறு வசனம். அதோடு வெளியூர்க்காரர்களின் வாயில் நம் பேச்சைப் புழங்க வைக்கிற வேலையும் என்னுடையது. 'இருக்கிறது' என்பதற்குக் 'கீது' என்று சொல்ல ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பதற்குள் எனக்குத் தாவாக்கட்டை வலித்தது.

ஓலை வாசித்ததால் போன மாதா

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் நாடகப் பித்து தெரியும். கைக்கு வந்த வேடம் நழுவுவது எப்படி இருக்கும் என்பதை நான் ராயபுரத்தில், எங்கள் பங்குக் கோயிலிலேயே அனுபவித்திருக்கிறேன்.

எங்கள் பங்கில் புனித வெள்ளிக்கு முன்னால் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். ஒரு வருஷம் எனக்கு மாதா வேடம். நீல முக்காடு கூட அளவெடுத்துத் தைத்தாகிவிட்டது. மாதாவாக நடிப்பவள் கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பங்கில் ஒரு பழக்கம். யார் வைத்தார்கள் என்று தெரியாது, யாரும் மீறியதும் இல்லை.

ஒத்திகை பாதியில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பெயரையும் அந்தோணி பெயரையும் சேர்த்துக் கல்யாண ஓலை வாசித்துவிட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே முக்காடு வேறு ஒரு பெண்ணின் தலைக்குப் போனது. எனக்குச் சிலுவைப் பாதையில் அழுகிற எருசலேம் பெண்களில் ஒருத்தி வேடம். நான் அன்றைக்கு அழுத அழுகைக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் பல வருஷம் கூட்டத்தில் நின்று அழுகிற வேடங்கள்தான் எனக்கு வந்தன. சபா நாடகம், டிவி சீரியல், சினிமா எல்லாவற்றிலும் சாவு வீடென்றால் ஸ்டெல்லாவைக் கூப்பிடு என்பார்கள். நாற்பதைத் தாண்டியபோது, முகத்துக்கு நேரே கேமரா வைக்கிற ஒரு காட்சியாவது கிடைக்காதா என்று வெட்கமில்லாமல் ஏங்கினேன்.

தடைக்கால ஒப்பந்தம்

தேசம்மா நடிக்கச் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எல்லாம் பண்றேன் தம்பி. அந்தக் கயிறு சீனு மட்டும் தடைக்காலத்துல எடு. அப்ப அவரு வூட்ல இருப்பாரு."

ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். அப்போது ஆண்களெல்லாம் கரையில் இருப்பார்கள். படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், வலையைப் பிரித்துப் போட்டுச் சரி செய்வார்கள், பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். இயக்குநர் தலையை ஆட்டினார். அவருக்கு அது ஏதோ வீட்டு வசதிக்காகக் கேட்பதாகப் பட்டிருக்க வேண்டும். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுகிற வழக்கம் கிடையாது.

தேசம்மா பிரமாதமாகச் செய்தாள். ஏலக் காட்சி முதல் டேக்கிலேயே முடிந்தது. தலையில் கூடையோடு, படகு அணைகிற வார்ப்பு மேடை நெடுக அவள் நடந்து போகிற காட்சியைப் படம்பிடித்தபோது கேமராக்காரர் "கட்" சொன்ன பிறகும் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். மார்க்கெட் முழுக்க அவளைப் பற்றித்தான் பேச்சு. அவளும் கண்ணாடியில் முகம் பார்க்க ஆரம்பித்திருந்தாள். "எக்கா, பெரிய ஸ்கிரீன்ல என் மூக்கு எப்டி தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு அந்த வேடத்தின் மேல் கொள்ளை ஆசை.

அப்போதுதான் கதாநாயகனின் தேதி மாறியது. அவர் வேறு படத்துக்கு வெளிநாடு போகிறார், அவரும் வருகிற அந்தக் கடற்கரைத் தாலிக் காட்சியை இந்த வாரமே முடித்தாக வேண்டும் என்றார்கள். தடைக்காலத்துக்கு இன்னும் நாள் கிடந்தது. ஆறுமுகம் அப்போது ஒரு விசைப்படகில் டிரைவர். போனால் வாரம் பத்து நாள் தங்கித்தான் வருவார். இரண்டு நாள் முன்னால்தான் படகு கிளம்பிப் போயிருந்தது.

தேசம்மா முடியாது என்றாள். இயக்குநர் கெஞ்சினார். நகைப்பெட்டியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்துக் காட்டி, இது டூப்பு என்றார். அவள் அசையவில்லை. கடைசியாகத்தான் புருஷனிடமே கேட்டுவிடலாம் என்று வயர்லெஸ்ஸுக்கு வந்தோம்.

கடலில் இருந்து வந்த பதில்கள்

"யாரு வூட்ல?" என்று குரல் வந்ததும் இயக்குநர் மைக்கை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சினிமாவுக்குப்பா. ஆறுமுகம் சம்சாரம்" என்றது இன்னொரு படகு.

"சினிமாவா கீட்டும். ஆளு கடல்ல கீறப்ப இன்னாத்துக்கு அதெல்லாம்?" என்றது மூன்றாவது குரல்.

பிறகு ஒரு வயதான குரல் வந்தது. ஆறுமுகத்தின் படகிலேயே வேலை செய்கிற ஒரு பெரியவர், அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிப் பேசியிருக்கிறார். "எம்மா தேசம்மா, அவன் சிரிப்பான், பேசுவான். அத்த வுடு. போட்ல நாங்களும் கீறோம்மா."

அவ்வளவுதான் சொன்னார். தேசம்மா இயக்குநர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் ஒண்ணியும் பண்ணல பெரியப்பா. நீங்க வலைய பாருங்க."

மைக்கை அதன் கொக்கியில் மாட்டினாள். "அண்ணனே சரின்னுட்டாருங்களே" என்றார் இயக்குநர் பாவமாக.

"அவரு சொல்லுவாரு. கடல்ல கீறவன் பயந்தா காட்டிக்குவானா? போட்ல அவரு மட்டுமா போயிகீறாரு?"

"கயிறு டூப்புதானுங்க்கா."

"கயிறு டூப்பு தம்பி. கழுத்து என்துதானே?"

நான் குறுக்கே புகுந்து, படகு வருகிற வரைக்கும் அந்த ஒரு காட்சியை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் கயிறு இல்லாமல் எடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். இயக்குநர் கெட்டவர் இல்லை. அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. "அந்தக் காட்சிக்காகத்தானுங்க்கா படமே எடுக்கறேன்" என்றார். சம்பூர்ணம் தாலியை அறுத்துக் கடலில் வீசிவிட்டு அலறி அழ வேண்டும். அது அவர் பல வருஷமாக மனதில் வைத்திருந்த காட்சி.

படகிலிருந்து இறங்கும்போது தேசம்மாவின் கண் கலங்கியிருந்தது. "எக்கா, நான் நல்லாத்தானே பண்ணிகினு இருந்தேன்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அது கடலா, கரையா?"

அன்று மாலை இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் எங்க வேலை செய்யறாருங்க?"

"ஹார்பர்ல. கிரேன் ஓட்றாரு."

"அது கடலா, கரையாங்க?"

"கரைதான். கடலு பக்கத்துல கீது."

அவர் பெருமூச்சு விட்டார். இப்படித்தான் எனக்குச் சம்பூர்ணம் வேடம் கிடைத்தது. அந்தோணியால் மாதா வேடம் போனது, அதே அந்தோணியால் இது வந்தது. வரவும் செலவும் அந்த மனிதர் கணக்கில் நேராகிவிட்டது.

நான் நேராகத் தேசம்மா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, "நான் பண்ணட்டா?" என்று கேட்டேன்.

"பண்ணு. உன் ஆளு கரையிலதானே கீறாரு" என்றாள், என்னைப் பார்க்காமலே. உரித்த இறாலைச் சட்டியில் போட்டாள். அதற்குமேல் உட்காரச் சொல்லவில்லை.

காட்சி எடுத்த அன்று அந்தோணியை லீவு போடச் சொல்லி, கூடவே கூட்டிக்கொண்டு போனேன். கேமராவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணுக்கு முன்னால் ஆள் இருந்தால்தான் என் கை கழுத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. அவர் சுண்டல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இன்னா ஸ்டெல்லா, ஆரம்பி" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே டூப்புக் கயிற்றை அறுத்து வீசினேன். தொண்டை கிழிகிற மாதிரி அலறினேன். இயக்குநர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

தேசம்மா அன்று அந்தப் பக்கமே வரவில்லை. திருவொற்றியூர் மார்க்கெட்டுக்குக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆறுமுகத்தின் படகு வழக்கம்போல நல்லபடியாக வந்து சேர்ந்தது.

படம் ஓடியது. எனக்குப் பரிசு கொடுத்தார்கள். எல்லாக் காட்சியையும் என்னை வைத்துத் திரும்ப எடுத்தவர்கள், வார்ப்பில் கூடையோடு நடக்கிற காட்சியை மட்டும் மாற்றவில்லை. முதுகுதானே தெரிகிறது என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் சினிமா படிக்கிற பிள்ளைகள் வந்து அந்த நடையைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அது என் நடை இல்லை, தேசம்மாவுடையது என்று சொல்கிறேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

எங்கள் வீட்டு டிவியில்

தேசம்மாவும் நானும் சண்டைக்காரர்கள் இல்லை. அவளிடம்தான் இத்தனை வருஷமும் மீன் வாங்கினேன். வஞ்சிரமா, கொடுவாவா என்று பேசுவோம். படத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். அவள் அதைப் பார்க்கவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் அவளும் ஆறுமுகமும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆறுமுகத்துக்கு முட்டி போய்விட்டது, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பையன் எர்ணாவூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான். அவர்கள் வீட்டில் இப்போது யாரும் கடலில் இல்லை.

"அந்தப் படத்தை உங்களாண்ட பாக்கணும்னாரு, இட்டுகினு வந்தேன்" என்றாள் தேசம்மா.

"இத்தினி வருசத்துல ஒரு தடைக்காலத்துல பாத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"கோவம்" என்றாள்.

"இப்ப போச்சா?"

"இல்ல."

அந்தோணி படத்தைப் போட்டார். நடக்கிற காட்சி வந்ததும் ஆறுமுகம், "இது நீதானே?" என்று கத்தினார். தேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. கரைக்குச் செய்தி வருகிறது, நான் கயிற்றை அறுக்கிறேன், அலறுகிறேன். தேசம்மா கண்கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும் ரிமோட்டை வாங்கி நிறுத்தினாள்.

"நல்லாத்தான் பண்ணிகீற. நானு இப்டி பண்ணியிருக்க மாட்டேன்."

"எப்டி பண்ணியிருப்பே?" என்றேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்று அந்தப் படகில் நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவர்கூட அவளிடம் இதைக் கேட்கவில்லை.

தேசம்மா எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஃபிரிட்ஜ் ஓரமாகப் போய் நின்றாள். வேலை நடுவில் யாரோ கூப்பிட்டுத் திரும்புகிற மாதிரித் திரும்பினாள். முகம் அப்படியே நின்றது. யாரையும் பார்க்காமல், ஏலக்கூடத்தில் விலை கேட்கிற அதே குரலில், ஆனால் மெதுவாகக் கேட்டாள்.

"கூட யார் யாரு போனது?"

ஆறுமுகத்துக்கு அது நடிப்பென்று பட்டதா என்று தெரியவில்லை. நாற்காலியிலிருந்தபடியே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "ஏழுமலை... சின்னவன் குமாரு... தனசேகரு..." அந்த நாளில் அவர் படகில் இருந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தேசம்மா தலையை ஆட்டினாள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் கண் ஒரு திசைக்குப் போனது. அந்த ஆளின் வீடு இருக்கிற திசை. கடைசிப் பெயர் வரைக்கும் அவள் கை கழுத்துப் பக்கம் போகவே இல்லை. பெயர்கள் முடிந்ததும், அந்த வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லக் கிளம்புகிறவள் மாதிரி இரண்டு அடி எடுத்து வைத்தாள்.

"அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். "இதுக்கு எதுக்கு கயிறு?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாழ்நாளெல்லாம் அழுது சம்பாதித்தவள் நான், அன்றைக்கு நிறுத்தத் தெரியவில்லை. அந்த வேடம் யாருடையது என்று அத்தனை வருஷம் கழித்து, என் வீட்டுக் கூடத்தில் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்தோணி எழுந்து டிவியை அணைத்தார்.

தேசம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் தலைப்பாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? அதான் அன்னிக்கே அழுதுட்டியே. பரிசு கூட குடுத்துட்டாங்க."